காருக்குள் ஏசியும் காற்றும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. ஒரு வழிக்கு ஏறக்குறைய 25 கி.மீ. பல வருடமாக இதே சாலையில்தான் போய்வருகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் மூன்று கார் மாற்றியிருக்கிறேன், ஒரு கம்ப்ரஸரை (ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) கெடுத்திருக்கிறேன், இரண்டு முறை கண்டன்சருக்குத் தண்டம் கட்டியிருக்கிறேன். சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. ஏசி என்றால் குளிர் என்றுதான் நினைக்கிறோம். வேலூர்க்காரருக்கு அது சரி. கடலோரத்தில் இருக்கும் நம்மைப் படுத்துவது வெயிலைவிடக் கசகசப்புதான். ஏசி உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்ந்த காயில் வழியாகத் தள்ளுகிறது. அந்தக் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படிந்து வெளியே சொட்டிவிடுகிறது. ஆக, அது ஒரு துவட்டும் இயந்திரமும்தான். இது மனதில் இருந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கார் படத்துக்குள் அம்பு வளைந்து திரும்புகிற மாதிரி ஒரு பட்டன் இருக்கிறதே, அது எதற்கு?

ஏசி பேனலில் இருப்பதிலேயே முக்கியமான பட்டன் அதுதான். பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. அதை அழுத்தினால் வெளிக்காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்ப ஏசிக்குள் போய் வரும். அழுத்தாவிட்டால் (சில வண்டிகளில் வெளியிலிருந்து அம்பு உள்ளே நுழைகிற படத்தை அழுத்தினால்) வெளிக்காற்று வரும்.

எப்போது எது? கணக்கு ஒன்றுதான். வெளியே இருப்பதைவிட உள்ளே சூடாக இருந்தால் வெளிக்காற்று. வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர்ந்துவிட்டால் உட்காற்று. ஏற்கெனவே குளிர்ந்து, ஈரம் இறங்கிய காற்றையே மறுபடி குளிர்விப்பது சுலபம். மே மாத மதியத்தில் 38 டிகிரியில் கடல் ஈரத்தோடு வரும் காற்றைப் புதிதாகப் பிடித்து ஒவ்வொரு நொடியும் குளிர்விப்பதென்றால் ஏசிக்கு மூச்சு வாங்கும்.

அப்புறம் ஊர் வாகு. முருங்கப்பாக்கம் நெரிசலில் பஸ்ஸின் பின்னால் நிற்கும்போது, முதுநகர் தாண்டிச் சிதம்பரம் சாலையில் ரசாயன ஆலைகள் இருக்கும் பகுதியைக் கடக்கும்போது, நெய்வேலிப் பக்கம் சாம்பல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், யோசிக்காமல் உட்காற்றுக்கு மாற்றுங்கள். நாற்றம் வந்த பிறகு மாற்றினால் அந்த நாற்றத்தையே உள்ளே பூட்டி வைத்த மாதிரி ஆகும். முன்கூட்டியே மாற்ற வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு எந்தத் திருப்பத்தில் மூக்கைப் பொத்த வேண்டும் என்று தெரியுமே.

அப்படியானால் எப்போதும் உட்காற்றிலேயே வைத்துவிடலாமே?

கூடாது. நாம் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. நாலைந்து பேர் ஏறிய காரில் உட்காற்றிலேயே ஓட்டினால் அரை மணிக்குள் 2,000-ஐத் தாண்டிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தலை கனக்கும், கொட்டாவி வரும், ஓட்டுகிறவரின் கவனம் மந்தமாகும். சென்னை விமான நிலையத்தில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டு ராத்திரி இரண்டு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பும்போது, பின்னால் எல்லோரும் தூங்க, ஓட்டுகிறவருக்கும் கண் சொக்குகிறதே, அதில் தூக்கக் குறைவு பாதி என்றால் இந்தக் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

20, 25 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். குளிர் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சில வண்டிகள் தாமே சிறிது நேரத்தில் வெளிக்காற்றுக்கு மாறிவிடும். “பட்டன் ரிப்பேர், தானா அணைஞ்சிடுது” என்று புகார் சொல்ல வேண்டாம்.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் அடுப்பு மாதிரி இருக்கிறது. சீக்கிரம் குளிர என்ன வழி?

வெளியே 35 டிகிரி இருந்தால், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டிக்குள் 50-ஐத் தாண்டும். டேஷ்போர்டு 70 வரைகூடப் போகும். சில்வர் பீச்சில் மதியம் நிறுத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களுக்கு எண் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் அந்தச் சூடான காற்றை விரட்டுங்கள். இடது பக்கம் ஒரு ஜன்னலை இறக்குங்கள். வலது பக்கக் கதவை ஐந்தாறு தடவை விசிறி மாதிரித் திறந்து மூடுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு எஞ்சினைப் போட்டு, ஜன்னல் எல்லாவற்றையும் இறக்கி, ஏசியை வெளிக்காற்றில் முழு வேகத்தில் வைத்துக் கிளம்புங்கள். நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டு குளிர்விப்பதைவிட ஓடும்போது சீக்கிரம் குளிரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஜன்னலை ஏற்றி, உட்காற்றுக்கு மாற்றுங்கள். ‘மேக்ஸ் ஏசி’ என்று ஒரு பட்டன் இருந்தால் அதுவும் இதைத்தான் செய்யும்: உட்காற்று, முழுக் குளிர், முழு ஃபேன்.

முன் கண்ணாடிக்கு ஒரு மடக்குத் தட்டி வாங்கி வையுங்கள். சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு பலன் தரும் சாமான் காரில் வேறு இல்லை.

வண்டியில் ஏறியதும் ஏசி போட்டால் டேஷ்போர்டிலிருந்து விஷ வாயு வந்து புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வருடம் தவறாமல் சித்திரையில் வரும் செய்தி. அதில் இருக்கும் பென்சீன் கணக்குக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. புது வண்டியின் பிளாஸ்டிக்கும் பசையும் சூட்டில் ஏதோ வாடை விடுவது உண்மை. அது ஜன்னலைத் திறந்தால் போய்விடும். சூடான காற்றை வெளியேற்றத்தான் ஜன்னலை எப்படியும் இறக்கப் போகிறோமே. செய்யச் சொல்வது நல்ல காரியம், சொல்லும் காரணம் பொய். ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

மழையில் முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. ஏசியா, ஹீட்டரா, எதைப் போடுவது?

ஐப்பசி கார்த்திகையில் எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. பலர் ஓட்டிக்கொண்டே ஒரு கையால் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் மறுபடி படியும், கைரேகையும் சேரும். எதிரே வரும் லாரியின் விளக்கு அந்தத் தீற்றலில் பட்டுக் கண் கூசும்.

ஏன் படிகிறது? நனைந்த குடை, நனைந்த செருப்பு, நாலு பேரின் மூச்சு, கால்மிதியில் தேங்கிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து உள்ளே ஈரம் ஏறுகிறது. வெளியே மழை அடித்துக் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக் காற்று பட்டால் சில்லென்ற சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது மாதிரிதான். ஆக, தேவை ஈரத்தை எடுப்பது. ஏசியை அணைக்கக் கூடாது, போட வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். உட்காற்றில் இருந்தால் உடனே வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். ஏசியைப் போடுங்கள். காற்று முன் கண்ணாடிக்குப் போகும் அமைப்பை (வளைந்த கண்ணாடியும் மேலே போகும் மூன்று அம்பும் போட்ட படம்) தேர்ந்தெடுங்கள். ஃபேனைக் கூட்டுங்கள். அப்புறம் வெப்பக் குமிழைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். ஏசி ஈரத்தைப் பிழிகிறது, ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியை உலர்த்துகிறது. அரை நிமிடத்தில் ஓரத்திலிருந்து தெளிய ஆரம்பிக்கும். உடம்பு நடுங்குவதும் நிற்கும்.

“வெளியிலதான் மழை பெய்யுதே, வெளிக்காற்றைத் திறந்தா ஈரம் உள்ள வராதா மாமா?” என்று என் தங்கை மகன் கேட்டான். நல்ல கேள்விதான். வரும் காற்று முழுவதும் முதலில் குளிர்ந்த காயிலைக் கடந்துதான் உள்ளே வருகிறது. அதன் ஈரத்தில் பெரும்பகுதி அங்கேயே தண்ணீராகிவிடும். உட்காற்றில் வைத்தால் நம் மூச்சின் ஈரம் போக இடமே இல்லை.

கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆவி இன்னும் சுலபமாக ஒட்டும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை உட்பக்கத்தை நன்றாகத் துடைத்து வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

உள்ளே துடைத்தாலும் போகவில்லை. ஆவி கண்ணாடியின் வெளியே இருக்கிறதே?

அது வேறு நோய், வைத்தியமும் நேர் எதிர். இது மழை இல்லாத புழுக்கமான ராத்திரியிலும் மார்கழி விடியற்காலையிலும் வரும். ஏசியை 18-இல் வைத்துக் காற்றைக் கண்ணாடிக்கு அடித்துக்கொண்டிருப்பீர்கள். கண்ணாடி குளிர்ந்துபோகும். வெளியே இருக்கும் கடலோரக் காற்றின் ஈரம் 25 டிகிரிக் கண்ணாடி பட்டாலே தண்ணீராகிற அளவுக்குப் பல ராத்திரிகளில் இருக்கும். அது கண்ணாடியின் வெளிப்பக்கம் படிகிறது.

வைப்பரை ஒரு தடவை போடுங்கள், தெளிந்தால் ஆவி வெளியேதான். பிறகு காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, குளிரைக் குறையுங்கள். அவ்வளவுதான். பண்ருட்டி சாலையில் மார்கழி மாதம் விடியற்காலை போகிறவர்கள் இதையும் உண்மையான பனிமூட்டத்தையும் குழப்பிக்கொண்டு வண்டியை ஓரம் கட்டிவிடுகிறார்கள். ஒரு வீச்சு வைப்பர் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பின் கண்ணாடியில் கோடு கோடாக இருப்பது?

மின் கம்பிகள். பட்டன் போட்டால் சூடாகிக் கண்ணாடியை உலர்த்தும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், பல வண்டிகளில் தானே அணையும். உட்பக்கம் துடைக்கும்போது கோடு போன திசையிலேயே துடையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டி உரித்தால் கம்பியும் கூடவே வரும்.

எத்தனை டிகிரியில் வைப்பது நல்லது?

டிகிரி எண் காட்டும் ஆட்டோமேட்டிக் ஏசி என்றால் 24-இல் வைத்து ஆட்டோவில் விட்டுவிடுங்கள். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பொய்க் கணக்கு. ஆரம்பத்தில் அது எப்படியும் முழு மூச்சாகத்தான் ஓடும். 24 வந்ததும் நிற்பதா, 18 வரை போய் நடுங்க வைப்பதா என்பதுதான் வித்தியாசம்.

நீலம், சிவப்புக் குமிழ் மட்டும் இருக்கும் சாதாரண ஏசியில் கதை வேறு. பல வண்டிகளில் அந்தக் குமிழை நடுவில் வைத்தால் குளிர்ந்த காற்றோடு எஞ்சினின் சூட்டைக் கலந்து கொடுக்கும். கம்ப்ரஸர் வேலை குறையாது. குளிர் அதிகமாகத் தோன்றினால் அந்த வண்டிகளில் முதலில் ஃபேனைக் குறையுங்கள், குமிழை நீலத்திலேயே விடுங்கள்.

ஏசி போட்டால் மைலேஜ் குறையுமா? ஜன்னலைத் திறந்து ஓட்டினால் லாபமா?

குறையும். கம்ப்ரஸர் எஞ்சினின் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. சின்ன எஞ்சின் வண்டியில் நன்றாகவே தெரியும். ஊருக்குள் 30, 40 வேகத்தில் ஊர்ந்தால் ஜன்னல் திறந்து ஓட்டுவது லாபம். நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினால் திறந்த ஜன்னல் வழியே காற்று இழுத்துப் பிடிக்கும், அந்த லாபம் கரையத் தொடங்கும். சத்தமும் தூசியும் மிச்சம்.

விலை குறைந்த பெட்ரோலுக்காகப் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வரும் கடலூர்க்காரர்கள்தான் நாம். கணக்குப் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் மாலையில் கடல் காற்று எழுந்த பிறகு கன்னியக்கோயிலிலிருந்து ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுவதற்கு நான் மைலேஜ் காரணம் சொல்ல மாட்டேன். அந்தக் காற்றுக்காகத்தான்.

பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் குளிரே வரவில்லை என்கிறார்கள்.

முன்னால் இருப்பவர்கள் டேஷ்போர்டில் காற்று வரும் நடு வென்ட் இரண்டையும் தங்கள் முகத்துக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதனால் நடு வென்ட்டை மேலே, கூரையை ஒட்டி, இரண்டு சீட்டுக்கு நடுவே பின்பக்கம் போகிற மாதிரித் திருப்புங்கள். ஓர வென்ட்டுகள் முன்னால் இருப்பவர்களுக்குப் போதும். பின்னால் அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்திருந்தால் நேராக நெஞ்சில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். “குளிருதுப்பா” என்று சொல்லாமல் முந்தானையைப் போர்த்திக்கொள்கிற தலைமுறை அது.

ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் அனல் வருகிறது. ஏன்?

முன் கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டருக்கு முன்னே நிற்கும் கண்டன்சர்தான் உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று அதற்கு உதவுகிறது. நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் நிற்கும்போது மட்டும் குளிர் போகிறதென்றால் முதலில் அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அடுத்து கண்டன்சர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பக்கம் இன்னொரு வில்லன் உப்பு. கண்டன்சர் அலுமினியத் தகடுகளால் ஆனது. கடற்கரைச் சாலையிலும் துறைமுகப் பக்கமும் தினம் நிற்கும் வண்டிகளில் அந்தத் தகடு பொடிப்பொடியாக உதிர்வதை நானே பார்த்திருக்கிறேன். என் இரண்டாவது கார் நாலு வருடத்தில் கண்டன்சரைத் தின்றுவிட்டது. தோட்டக் குழாயில் லேசான வேகத்தில் மாதத்துக்கு ஒருமுறை முன்பக்கத்தைக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகக் காட்டினால் தகடு மடிந்து காற்று போகும் வழியே அடைபடும்.

வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. நான் கம்ப்ரஸரைக் கெடுத்தது இப்படித்தான். கேஸோடுதான் கம்ப்ரஸருக்கான ஆயிலும் சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் ஆயிலும் சரியாகத் திரும்பி வராது, கம்ப்ரஸர் உராய்ந்து ஜாம் ஆகும். இரண்டு கோடை ஒரு கடையில் சும்மா நிரப்பிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது கோடையில் மொத்தமாகப் பணம் போனது.

மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கசிவு எங்கே என்று பார்த்தாயிற்றா? நிரப்பும் முன் வேக்கூம் போட்டுக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்தாயிற்றா? எத்தனை கிராம் போடுகிறீர்கள்? வண்டிக்கு எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஆர்-134ஏ. சில புது வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப், விலை பல மடங்கு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடக் கூடாது.

தை மாதம் குளிராக இருக்கிறதென்று ஏசியையே மறந்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஓடவிட்டால் சீல்கள் காயாமல் இருக்கும்.

ஏசி போட்டதும் ஊறிய சாக்கு மாதிரி ஒரு நாற்றம் வருகிறது.

குளிர்ந்த காயிலில் தங்கிய ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. கடலோரத்தில் இது சாதாரணம். வீடு வர மூன்று நாலு நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, ஃபேனை வெளிக்காற்றில் ஓடவிடுங்கள். காயில் கொஞ்சம் உலரும். இந்தப் பழக்கத்துக்குக் காசு கிடையாது. எனக்கு இது வந்த பிறகு நாற்றம் போய்விட்டது.

அடுத்தது காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர். பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். நாமே கழற்றிப் பார்க்கலாம், திருப்புளிகூடத் தேவைப்படாது. 10,000 கி.மீ. அல்லது வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மண் சாலையில் அதிகம் போனால் இன்னும் சீக்கிரம். அது அடைத்துக்கொண்டால் ஃபேன் சத்தம் மட்டும் வரும், காற்று வராது. சில விலை குறைந்த மாடல்களில் ஃபில்டரே இருக்காது, அதற்கான இடம் மட்டும் இருக்கும். வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகும் நாறினால் காயிலைச் சுத்தம் செய்ய வேண்டும். வாசனை டப்பா மாட்டுவது தீர்வில்லை, மல்லிகை வாசனையில் பூஞ்சை நாறும்.

பண்ருட்டிப் பலாப்பழமும் துறைமுகக் கருவாடும் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிக்கி காருக்குள் இருக்கும் காற்றோடு தொடர்புள்ளதுதான். உட்காற்றில் வைத்தால் வாசனை காயில் வரை போய்ப் படியும். வெளிக்காற்றில் வைத்து, பின் ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். கரி அடுக்கு உள்ள ஃபில்டர் கொஞ்சம் வாசனையை உறிஞ்சும். கருவாட்டுக்கு எதுவும் ஈடுகொடுக்காது.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் போகிறது. கொஞ்சம் நிறுத்தி வைத்தால் சரியாகிறது.

காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஈரம் அதிகமான நம் காற்றில் இது சட்டென்று நடக்கும். ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் உருகிவிடும். அடிக்கடி நடந்தால் ஃபில்டர் அடைப்பு, கேஸ் குறைவு, காயிலின் குளிரை அளக்கும் சென்சார் கோளாறு, மூன்றில் ஒன்று.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது.

நல்லது, அப்படித்தான் சொட்ட வேண்டும். காலடிக் கார்ப்பெட்டில் சொட்டினால்தான் கவலை. வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது.

ஏசி போட்டு வண்டிக்குள் தூங்கலாமா?

நின்ற வண்டியில், கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகைக்குழாயில் எங்கோ கசிவு இருந்தால், அல்லது காம்பவுண்டு சுவரை ஒட்டியோ ஷெட்டுக்குள்ளோ நின்றால், வண்டியின் புகையே திரும்ப உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலிருந்து எழுப்பிவிடாது. தூக்கம் வந்தால் நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஜன்னலை இறக்கிப் படுங்கள்.

குழந்தையை உள்ளே வைத்துவிட்டு “ரெண்டு நிமிஷம்” என்று கடைக்குள் போவதும் கூடவே கூடாது. மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். ஏசி ஓடுகிறதென்று நம்பிப் போனாலும் எஞ்சின் எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

தண்ணீர் தேங்கிய சாலையில் ஏசியை அணைக்க வேண்டுமா?

ஆமாம், இறங்கும் முன்பே. ஏசி ஓடினால் முன்னால் இருக்கும் ஃபேன் சுற்றும். தண்ணீரில் மாட்டினால் இறக்கை உடைந்து ரேடியேட்டரில் குத்தும்.

வண்டியே வெள்ளத்தில் நின்றுவிட்டால்? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அடுத்த நாட்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் நாலு வண்டி அப்படி நின்றது. எஞ்சினையும் ஸ்டார்ட் செய்யக் கூடாது, ஏசி ஃபேனையும் போடக் கூடாது. ஃபேன் மோட்டார் பெரும்பாலும் இடதுபக்க டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இழுத்துக்கொண்டு போய்க் கார்ப்பெட்டைக் கழற்றி வெயிலில் போட்டு, ஃபில்டரைத் தூக்கி எறிந்து, ஃபேன் மோட்டாரைப் பார்த்த பிறகுதான் மற்றது. கார்ப்பெட்டைக் கழற்றாமல் மேலே மட்டும் துடைத்தவர் வண்டியில் பொங்கல் வரை நாற்றம் போகவில்லை.

எஞ்சின் சூடு முள் ஏறுகிறது. ஹீட்டரைப் போடு என்கிறார்கள், கிண்டலா?

கிண்டல் இல்லை. ஏசியை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுச் சிவப்பில் முழு ஃபேனில் வையுங்கள். எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஓரம் கட்டும் வரை எஞ்சின் பிழைக்கும். நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் ஏசிக்கு நல்லதுதானே?

நல்லதாக இருக்கலாம், போலீஸ் விடாது. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது. முன், பின் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடி 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்பது விதி. வண்டி நிற்கும்போது தட்டியும் துணியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சார காரிலும் இதே கதைதானா?

காற்று விஷயம் அப்படியே. ஆனால் ஏசி பேட்டரியைத் தின்னும், போகும் தூரம் குறையும். சார்ஜில் மாட்டியிருக்கும்போதே போனிலிருந்து ஏசியைப் போட்டுக் குளிர்வித்துவிட்டுக் கிளம்பினால் வீட்டுக் கரண்டில் போய்விடும்.

ஆட்டோவில் வைத்தும் ஏசி சில நாள் ஏனோதானோவென்று வேலை செய்கிறது. சென்சார் மாற்ற வேண்டுமா?

மாற்றும் முன் டேஷ்போர்டைப் பாருங்கள். முன் கண்ணாடியை ஒட்டி, சின்னக் கறுப்புக் குமிழ் மாதிரி ஒன்று இருக்கும். வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று அதுதான் வண்டிக்குச் சொல்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் அதன் மேலேயே பிள்ளையாரை ஒட்டி, மாலையும் போட்டு வைத்திருந்தார். வெயில் இல்லை என்று நினைத்து ஏசி சும்மா இருந்திருக்கிறது. பிள்ளையாரை ஒரு சாண் நடுப்பக்கம் நகர்த்தி வைத்தோம். சென்சாருக்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருந்த விலையைக் கேட்டால் நீங்களும் நகர்த்திவிடுவீர்கள்.